ஜெபமணி மேடம் கேட்ட ஒரே ஒரு 'இல்லீங்க'

செய்தி வந்தபோது நான் என் பனியன் யூனிட்டில் கட்டிங் டேபிள் அருகே நின்று துணி விரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போனில் ஜெபமணி மேடத்தின் மகள் ஷைனி. "அங்கிள், அம்மா காலையில போய்ட்டாங்க" என்றாள். "சரிங்க கண்ணு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. சாவுச் செய்திக்கு யாராவது 'சரிங்க' சொல்வார்களா? நான் சொன்னேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் ஷிப்மென்ட் தேதியை முன்னால் இழுத்தாலும் சரிங்க, சாயப்பட்டறைக்காரர் துணி தரும் தேதியைப் பின்னால் தள்ளினாலும் சரிங்க. ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் முதலில் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். அந்தப் பக்கம் ஷைனி, "நாளைக்கு மதியம் அடக்கம்" என்றாள். அதற்கும் சரிங்க என்றேன். ஜெபமணி மேடம் அருகில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் எதைச் சொன்னாலும் பாதி ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும். முதலிபாளையம் தொழிற்பேட்டையில், பின்வரிசையில், பட்டன் கம்பெனிக்கும் அட்டைப்பெட்டி கம்பெனிக்கும் நடுவே இருந்த அவருடைய தகரக் கூரை ஷெட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் எல்லோரும் பனியனுக்காக ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்க, அவர் மட்டும் மண்ணுக்குக் கிருமி வளர்த்தார். தெற்குச் சீமையிலிருந்து நிட்டிங் மெஷின் ஃபிட்டரான கணவரோடு இங்கே வந்தவர். நுண்ணுயிரியல் படித்திருந்தார். சில வருடங்கள் சாயப்பட்டறை ஒன்றின் லேபில் வேலை பார்த்துவிட்டு, "சாவடிச்சது போதும், இனி கொஞ்சம் வளக்கலாம்" என்று சொல்லி வெளியே வந்தார். ஆண்களையெல்லாம் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். முதல் நாள் என்னை அப்படிக் கூப்பிட்டபோது என் மனைவி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

அவருடைய ஷெட்டில் நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கண்ணாடித் தட்டு. உள்ளே சுண்ணாம்புத் தண்ணீர் உறைந்ததுபோல வெள்ளையாகக் கலங்கிய பசை. அதன் நடுவே சின்னப் பொட்டாக ஒரு கிருமிக் கூட்டம். அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் வெள்ளை கரைந்து, ஒரு வளையம் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. "இந்த வெள்ளதான் உங்க மண்ணுல கெடக்க மணிச்சத்து, அண்ணாச்சி. நெறைய கெடக்கு. ஆனா சுண்ணாம்பு அதப் புடிச்சு வச்சிருக்கு, பயிருக்குக் குடுக்க மாட்டேங்கு. இந்தப் பய அதக் கரைச்சுக் குடுக்கான்" என்றார். எங்கள் தோட்டத்து மண்ணைக் கொத்தினால் சுக்கான் கல்லாக வரும். வருடா வருடம் மூட்டை மூட்டையாக உரம் போட்டும் பயிர் ஏன் சோர்ந்து நிற்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கிருமியை ஒரு சோளக்காட்டின் வேர் மண்ணிலிருந்து அவரே பிரித்தெடுத்திருந்தார். இரண்டு வருட உழைப்பு. தாய்க் கிருமி என்று சொல்லி, சின்னக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்.

கோதுமை என் யோசனை. துணி ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா வரம்பு எடுக்கப்பட்ட பிறகு ஆர்டர்கள் பெருகின. என் யூனிட்டுக்கு பீகாரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மெஸ்ஸில் சோற்றைப் பார்த்தால் அவர்கள் முகம் வாடும். பனிக்காலத்தில் நம் கிணற்றுப் பாசனத்தில் கோதுமை போட்டால் என்ன என்று கேட்டேன். மேடம் துள்ளிக் குதித்துவிட்டார். மலையிலிருந்து சம்பா கோதுமை விதை வாங்கி வந்ததும் அவர்தான். அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நான், என் மாமா பழனிசாமி, இன்னும் இரண்டு பேர் ஒப்புக்கொண்டோம். நால்வருக்குமே தோட்டத்தோடு சின்னதாக ஒரு பனியன் யூனிட்டும் உண்டு.

அவர் சொன்னது ஒன்றும் கடினமான காரியமில்லை. மாட்டுச் சாணம், பல்லடத்துக் கோழி எரு, பாறை பாஸ்பேட் தூள் மூன்றையும் அடுக்கடுக்காகப் போட்டுக் குவிக்க வேண்டும். குவியல் சூடாகும். அது ஆறிய பிறகு அவர் கொடுக்கும் கிருமிப் பொட்டலங்களை வெல்லத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். ஈரம் காயாமல், வெயில் படாமல் ஒரு மாதம் காத்து, கடைசி உழவில் நிலத்தில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நாங்கள் அதைச் செய்யவில்லை.

வேண்டுமென்று அல்ல. அது ஷிப்மென்ட் நேரம். குவியலுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை. கிருமிப் பொட்டலங்களைப் பத்திரமாக வைக்கவேண்டும் என்று எண்ணி, என் யூனிட்டில் பூட்டுப் போடும் வசதி உள்ள ஒரே அறையான அயர்னிங் செக்‌ஷனில் வைத்தேன். நாள் முழுக்க நீராவி அடிக்கும் அறை. நின்றால் மனிதனே வெந்துவிடுவான். இன்னொருவர் குவியல் ஆறுவதற்கு முன்பே கொட்டிவிட்டார். மாமா பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. ஆனால் மேடம் போனில் கேட்கும்போதெல்லாம் எங்கள் நால்வரின் பதிலும் ஒன்றுதான்.

"குப்பை ஆறிட்டா அண்ணாச்சி?"

"ஆறிடுச்சுங்க மேடம்."

"தண்ணி தெளிச்சியளா?"

"தெளிச்சாச்சுங்க."

பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. அக்கறையாக ஒருவர் விசாரிக்கும்போது 'இல்லை' என்பது முகத்தில் அடிப்பது போல. எங்களுக்குப் பால்குடியிலிருந்து ஊறியது அது. அவர் ஊரில் ஆமாம் என்றால் ஆமாம். அவர் எங்கள் ஒவ்வொரு ஆமாங்கவையும் அப்படியே நம்பினார்.

மார்கழிப் பனியில் என் கோதுமை ஊதா பாய்ந்து, தூர் கட்டாமல், ஒற்றை ஒற்றையாக நின்றது. மற்ற இருவருடையதும் அப்படித்தான். மாமாவின் வயல் மட்டும் கரும்பச்சையாக இருந்தது. மேடம் வந்து வரப்பில் வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "நாலு பேரும் ஒண்ணுபோலத்தான செஞ்சிய?" என்று கேட்டார். "ஒன்னு போலத்தானுங்க" என்றோம். அவர் மண்ணை எடுத்துப்போனார், கிணற்றுத் தண்ணீரை எடுத்துப்போனார். எல்லாவற்றையும் மறுபடி சோதித்தார். எதிலும் பழுது தெரியவில்லை. கடைசியில் குற்றம் தன் கிருமியில்தான் என்ற முடிவுக்கு வந்தார். அதன் வீரியம் குறைந்துவிட்டது, மாமாவின் மண்ணில் வேறு ஏதோ நல்ல கிருமி இயல்பாகவே இருக்கிறது என்று நினைத்தார். அந்தத் தாய்க் கிருமிக் குழாய்கள் அத்தனையையும் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டார். கெட்டுப்போனதைப் பிறருக்கு விற்கக் கூடாது என்பது அவர் நியாயம்.

அவர் அதைக் கொட்டிய செய்தியை எனக்குப் போனில் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தை மாதம் வேறு ஊர் விவசாயிகள் சிலரை ஒரு வேனில் அழைத்துக்கொண்டு மாமாவின் தோட்டத்துக்கு வந்தார். ஊட்டமேற்றிய குப்பை போட்டதில் ஒரு வயலாவது பச்சையாக இருக்கிறதே, அது ஏன் என்று எல்லோருமாகப் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். மாமா வெள்ளை வேட்டியோடு கைகூப்பி நின்று, "எல்லாம் மேடம் குடுத்த மருந்துங்க" என்றார். அப்போது களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்தார். பனிக்காக ஒரு சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார். சாக்கின் மேல் பெரிய எழுத்தில் டி.ஏ.பி. ரசாயன உரத்தின் பெயர். சாக்கு புத்தம் புதிது.

"இது எப்ப வாங்குனது?" என்று மேடம் கேட்டார்.

"கார்த்திகையிலீங்க அம்மிணி. இந்தக் கோதுமைக்குத்தானுங்க போட்டோம்" என்றார் அந்த அம்மா. அவரிடம் யாரும் எதையும் சொல்லி வைக்கவில்லை.

மாமா கூப்பிய கையை இறக்க மறந்து நின்றார். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடத்துக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வேனில் வந்தவர்களிடம் திரும்பி, "நான் சொன்னதுக்கு இந்தத் தோட்டத்துல சாட்சி இல்ல. உங்களை வீணா அலைய வச்சிட்டேன், மன்னிச்சிருங்க" என்றார். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள். எங்களுக்கும் சேர்த்து வெட்கப்பட்டுவிட்டு அவர் வண்டியேறிப் போனார்.

அன்று மாலை மாமாவிடம் சண்டைக்குப் போனேன். "ஏனுங்க மாமா, போடலீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்றேன். "அட மாப்ள, அந்தம்மா வேகாத வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்து நிக்குது. ஊடு தேடி வந்த பொம்பளப் புள்ளகிட்ட இல்லீன்னு எப்படிச் சொல்றது? பயிரு கெட்டாலும் அதுக்குத்தான கெட்ட பேரு. அதான் கொஞ்சம் உரத்தப் போட்டு வுட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மாமா செய்தது அத்தனையும் மேடத்தின் மேல் வைத்த மரியாதையால்தான். அயர்னிங் அறையில் பொட்டலங்களை வேகவைத்த நான் அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மேடம் என் வீட்டுக்கு வந்தார். இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும், "அண்ணாச்சி, ஒரே ஒரு தடவ என்னப் பாத்து 'இல்லீங்க'ன்னு சொல்லுங்க" என்றார்.

"எதுக்குங்க மேடம்?"

"எதுக்குன்னாலும் சரி. சும்மா சொல்லுங்க."

"இல்..." என்று ஆரம்பித்து, "காப்பி குடிக்கிறீங்களா மேடம்?" என்று முடித்தேன்.

"வேண்டாம்" என்றார். என் மனைவி உள்ளேயிருந்து காப்பியோடு வந்தாள். மேடம் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தியளா? நான் வேண்டாம்னு சொல்லுதது உங்களுக்கு விளங்கல. நீங்க ஆமான்னு சொல்லுதது எனக்கு விளங்கல. நடுவுல என் பாக்டீரியா செத்துப்போச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றிலிருந்து அது அவர் வழக்கமாகிவிட்டது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எந்த ஊர்க் கூட்டமானாலும் கிருமியைப் பற்றிப் பேசுவதற்கு முன் எல்லோரையும் ஒருமுறை 'இல்லீங்க' சொல்லச் சொல்வார். கூட்டம் சிரிக்கும். "சிரிங்க, ஆனா சொல்லுங்க. செய்யலன்னா செய்யலன்னு சொல்லுத ஆளுக்குத்தான் நான் பொட்டலம் குடுப்பேன்" என்பார். அதனால் அவர் வியாபாரம் படுத்ததுதான் மிச்சம். அவர் அசரவில்லை.

தொலைத்த கிருமியை மறுபடி தேட இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. வரப்பு வரப்பாக வேர் மண்ணைப் பிடுங்கிக்கொண்டு போவார். கடைசியில் அது கிடைத்தது என் தோட்டத்து மூலையில், ஊதா பாய்ந்து நின்ற அதே வயலில். அந்தப் பனிக்கு நான் குவியலுக்கு என் கையால் தண்ணீர் தெளித்தேன். ஒருநாள் மறந்தபோது போன் செய்து, "இன்னைக்குத் தெளிக்கலீங்க" என்றேன். "அப்பாடா" என்றார் மேடம். பாதி நிலத்துக்குக் குப்பை போட்டு, பாதியைச் சும்மா விட்டோம். போட்ட பாதி பச்சையாக நின்றது, தூர் கட்டியது. ஒரு பயிரைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை உதறாமல் கையில் ஏந்திக்கொண்டு நின்ற அவர் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அந்தக் கோதுமையில் மெஸ்ஸில் ரொட்டி போட்டோம். மேடம் எதிரில் உட்கார்ந்து, "எப்படி இருக்கு?" என்று ராம்பிரசாத்தைக் கேட்டார். எங்கள் டெய்லர். "பகுத் அச்சா மேடம்" என்றான் அவன். ஆனால் ரொட்டி அவன் கையிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. மேடம் என் பக்கம் திரும்பி, "உங்க ஊரு சீக்கு இவனுக்கும் தொத்திட்டு" என்றார். சம்பா கோதுமை ரவைக்கு ஆகும், ரொட்டிக்கு வளைந்து கொடுக்காது என்று பிறகு தெரிந்தது. அடுத்தடுத்த வருடங்களில் உப்புமா சாப்பிட்டோம்.

கடந்த ஆவணியில் அவர் படுத்துவிட்டார் என்று தெரிந்து பார்க்கப் போனேன். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். சுற்றி எல்லோரும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கணவர், "பொங்கலுக்குள்ள எந்திச்சிருவா" என்றார். சர்ச் சபையிலிருந்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். மேடம் அவர்களை விட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தப் பனிக்கு நான் தோட்டத்துக்கு வருவேனா?"

நல்லா வருவீங்க மேடம் என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் கண் என்னை விடவில்லை. என்னை எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"இல்லீங்க மேடம்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஷைனி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். சற்றுக் கழித்து மேடம், "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். "வேண்டாங்க" என்றேன். ஷைனி அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள். "போடாத பிள்ள. அவரு வேண்டாம்னா வேண்டாந்தான்" என்றார் மேடம், கண்ணைத் திறக்காமலே.

வாசல் வரை ஷைனி வந்தாள். "நீங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க அங்கிள்" என்றாள். அந்தப் பிள்ளை இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கோபத்திலும் அவளுக்கு 'ங்க' வருகிறது. நான் "ஆமாங்க கண்ணு" என்றேன்.

பைக்கை எடுத்துக்கொண்டு வந்தேனே தவிர, வழியெல்லாம் உடம்பு கூசியது. பையரிடம் சொல்லத் துணியாத வார்த்தை, சாயப்பட்டறைக்காரரிடம் சொல்லத் துணியாத வார்த்தை, குப்பை காய்ந்தபோது, அவர் தாய்க் கிருமியைக் கொதிக்கவைத்துக் கொட்டியபோது, சொல்லவேண்டிய நேரத்தில் வராத வார்த்தை. அதை எடுத்துக்கொண்டு போய், எழுந்து உட்கார முடியாத ஒரு மனுஷியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதன் பிறகு அவரைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. போகவே இல்லை. ஷிப்மென்ட் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஷைனி என்னைக் கூப்பிட்டாள். ஈரத்துணியில் சுற்றிய மூன்று கண்ணாடிக் குழாய்களைக் கையில் கொடுத்தாள். "நீங்க வந்துட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலமே அம்மா இத எடுத்து வைக்கச் சொன்னாங்க. அதுவரைக்கும், தானே எந்திரிச்சு வந்து பாத்துக்குவேன்னு யாரையும் தொட விடலீங்க" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாங்க. 'செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு சொல்லுத ஆளு அவருதான்'னாங்க" என்றாள்.

நான் சரிங்க என்று சொல்லவில்லை.

குழாய்களை என் வீட்டு ஃபிரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன். இந்த மின்வெட்டுக் காலத்தில் ஃபிரிட்ஜ் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். போன வாரம் அவற்றை ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். அங்கே வேலை செய்யும் பெண் மூன்று தட்டுகளில் தீற்றி வைத்தாள். நேற்று போய்ப் பார்த்தேன். இரண்டு தட்டுகளில் பொட்டுகள் எழுந்து, அவற்றைச் சுற்றி வெள்ளை கரைந்து, வளையம் தெளிந்திருந்தது. மூன்றாவது தட்டு முழுக்க வெள்ளையாகவே இருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அவர் என்னிடம் விட்டுப்போனதில் நான் இப்போது வைத்திருப்பது அந்த இரண்டு தட்டுகளும் அந்த ஒரு சொல்லும்தான். ஷெட் வாசலில் நின்று ஷைனிக்குப் போன் செய்தேன்.

"மூனும் நல்லா இருக்குதுங்களா அங்கிள்?" என்றாள்.

வெட்கத்தில் எனக்குக் குரல் இறங்கிப்போனது.

"இல்லீங்க கண்ணு" என்றேன். "ஒன்னு போயிடுச்சு."